ஊர்க்காரர் வந்து எதிரே உட்கார்ந்தால்?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி நான். அடுத்த மாதம் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் எனக்கு இரண்டு வாரப் போஸ்டிங். அந்தரங்கமான கேள்விகளைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தெரிந்தவர் யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்; சிறிய ஊர்களில் அது நிச்சயம் நடக்கும். தெரிந்த முகம் வரிசையில் தென்பட்டதுமே பொறுப்புச் சிஸ்டரிடம் காரணத்தை விளக்காமல், "இவரை வேறு யாராவது கவனிக்கட்டும், எனக்கு வேறு வேலை கொடுங்கள்" என்று சொல்லி விலகிவிடுங்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டால், இங்கே பார்த்தது இந்த அறையைத் தாண்டாது என்று ஒரே ஒரு முறை தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். பிறகு கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் அவர் பேசும்வரை நீங்கள் பேச வேண்டாம். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. மாணவி என்பதால் அதில் உங்களுக்குச் சலுகை கிடையாது. லாக் புக்கில் பெயரோ ஊரோ எழுதாதீர்கள். கேஸ் ஷீட்டைக் கைபேசியில் படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

இனிக் கூச்சம். நோயாளிகளில் பலர் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "உடம்புச் சூடு", "நீர்க்கடுப்பு", "வெட்டை", "வெள்ளை படுது" என்றுதான் தொடங்குவார்கள். அந்தச் சொல்லைத் திருத்தாமல் அதையே பிடித்துக்கொண்டு, எத்தனை நாளாக, எரிச்சல் உண்டா, புண் உண்டா, புண் வலிக்கிறதா என்று உடலைப் பற்றி முதலில் கேளுங்கள். "இதை எல்லோரிடமும் கேட்போம்" என்று சொல்லிவிட்டு, கடந்த மூன்று மாதங்களில் யாருடன் உறவு இருந்தது, ஆணா, பெண்ணா, திருநங்கையா, ஆணுறை பயன்படுத்தினாரா என்பதற்கு அதன் பிறகு வரலாம். "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்ற கேள்வியால் இதற்கு விடை கிடைக்காது, தவறான விடைதான் கிடைக்கும். என் அனுபவத்தில் மாணவிகள் தடுமாறுவது சொற்களில் அல்ல, முகத்தில்தான்: பதிலைக் கேட்டதும் புருவம் உயர்ந்தால், அடுத்த பதில் பொய்யாகத்தான் வரும்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அறிகுறித் தொகுப்பை வைத்தே சிகிச்சை தரும் முறையில் நிறம் நிறமான மருந்துப் பெட்டிகளைப் பார்ப்பீர்கள். உதாரணமாக, சாம்பல் நிறப் பெட்டியில் அசித்ரோமைசின் 1 கிராமும் செஃபிக்சிம் 400 மில்லிகிராமும் இருக்கும். மாத்திரையை உங்கள் கண் முன்னே விழுங்கச் சொல்லுங்கள். உறவு வைத்திருக்கும் துணைக்கும் சிகிச்சை தேவை என்பதை அப்போதே எடுத்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் நோய் திரும்ப வரும்.

சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குப் போடும் பென்சத்தீன் பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட், கெட்டியான மருந்து. பாதி பாதியாக இரண்டு பிட்டங்களிலும் தசைக்குள் ஆழமாகப் போடுவது வழக்கம். சிஸ்டரின் மேற்பார்வை இல்லாமல் இதைத் தொடாதீர்கள். கடும் ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் கையருகில் இருக்கட்டும். ஊசிக்குப் பின் நோயாளியை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அன்றிரவு காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், அதை மருந்து ஒவ்வாமை என்று எண்ணிப் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். அதே சமயம் மூச்சுத்திணறலோ தடிப்போ கண்டால் உடனே வரச் சொல்லுங்கள்.

ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் பிதுக்கவோ ஸ்பிரிட் ஊற்றவோ வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, திட்டு விழுமே என்று மறைக்காமல் உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள்கள் எடுக்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் வந்தால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அப்படியொரு குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தகவல் தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு. நீங்களாகவே எதையும் முடிவு செய்யாமல், அந்தக் குழந்தையைத் தனியே விடாமல், மருத்துவ அலுவலரை அழையுங்கள்.