ராக் பேண்ட் 'ப்ளூஸ் வேருக்கு திரும்பிட்டாங்க'ன்னா என்ன அர்த்தம்? ரோலிங் ஸ்டோன்ஸ் கதை

ப்ளூஸ்ங்கறது அமெரிக்காவோட தென்பகுதி கறுப்பின மக்கள்கிட்ட பிறந்த பாட்டு, ராக் அதுல இருந்து வந்த பிள்ளைதான். வேருக்கு திரும்பறதுன்னா தான் முதல்ல கேட்டு கத்துக்கிட்ட அந்த இசையையே மறுபடி வாசிக்கறது.

நல்ல உதாரணம் ரோலிங் ஸ்டோன்ஸ் 2016ல விட்ட 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பம். 1962ல லண்டன்ல ஆரம்பிச்சப்பவே இவங்க ப்ளூஸ் பைத்தியங்க, பேண்ட் பேரே ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸோட பாட்டுல இருந்து எடுத்ததுதான். 2015 டிசம்பர்ல புது பாட்டு பண்ணத்தான் ஸ்டுடியோ போனாங்க, அது சரியா அமையல, சும்மா கை பழக ப்ளூஸ் கலைஞர் லிட்டில் வால்டரோட பழைய பாட்டு ஒண்ணை வாசிச்சாங்க, அது பிரமாதமா வந்துடுச்சு, அப்படியே மூணே நாள்ல 12 பாட்டு! டவுன்ல முப்பது வருஷம் இருந்தவரு ஊர் பஸ்ல ஏறினதும் ஊர்ப்பேச்சு தானா வருமே, அந்த மாதிரி. பேண்டோட பாடகர் மிக் ஜாகர் பாடறதை விட மவுத் ஆர்கன் வாசிக்கறதுதான் எனக்கு இதுல ஹைலைட்டு (சண்டைக்கு வராதீங்க). 2018ல இந்த ஆல்பத்துக்கு கிராமி இசை விருதும் கிடைச்சது.

நிறைய பேர் இது அவங்களோட பழைய ரெக்கார்டிங் தொகுப்புன்னு நினைக்கறாங்க, அப்படி இல்ல, பாட்டெல்லாம் மத்த ப்ளூஸ்காரங்களோடது, ரெக்கார்டிங்தான் புதுசு.