சூரை மீனின் முதுகில் மஞ்சள் இழை

கடல், மீன்வளம் பற்றிய கேள்விகளுக்கு எங்கள் குழு பதில் சொல்லும் பகுதி இது. மீன்களுக்கு டேக் (எண் போட்ட அடையாள இழை) குத்திக் கடலில் விடுவது குறித்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கரிமேடு மார்க்கெட்டில் முழுச் சூரை ஒன்று வாங்கினேன். கழுவும்போது முதுகில், இரண்டாவது துடுப்பை ஒட்டி, மஞ்சள் பிளாஸ்டிக் இழை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பாசியைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் எண்ணும் ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன. இது என்ன? மீனைச் சாப்பிடலாமா?
– வாசகி, எல்லீஸ் நகர், மதுரை

தாராளமாகச் சாப்பிடலாம். இழையை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு முன்பே யாரோ அந்த மீனைப் பிடித்து, அளந்து, எண் குத்தி, மறுபடி கடலில் விட்டிருக்கிறார்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு நீளத்தில் விட்டார்கள் என்பது அவர்களிடம் இருக்கிறது. எப்போது, எங்கே பிடிபட்டது, எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். அது வந்து சேராவிட்டால் முதல் பாதிக்கு ஒரு பயனும் இல்லை.

இழையைப் பிடித்து இழுக்காதீர்கள். எண் இருக்கும் இடத்தில் அறுந்துபோகும். சுற்றியுள்ள சதையைக் கொஞ்சம் கீறி, உள்ளே மாட்டியிருக்கும் இழையின் முள்ளோடு சேர்த்து எடுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ பிடியுங்கள். மீனின் நீளத்தை வாய் நுனியிலிருந்து வால் இரண்டாகப் பிரியும் கவட்டை வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். டெய்லர் டேப்பை உடம்பின் மேல் வளைத்துப் பிடித்து அளந்தால் நீளம் கூடுதலாகக் காட்டும். மீனை ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டீர்களா? தலை இருந்தால் போதும். வாய் நுனியிலிருந்து செவுள் மூடியின் கடைசி ஓரம் வரை அளந்து எழுதுங்கள். அதிலிருந்து முழு நீளத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள். எடையைச் சொல்வதானால் குடல் எடுப்பதற்கு முன்பா, பின்பா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து, வாங்கிய கடைக்காரரிடம் அது எந்த ஊர்ப் பெட்டி என்று கேளுங்கள். மதுரைக்குப் பாம்பன், தூத்துக்குடி, கேரளம் என்று பல பக்கத்திலிருந்தும் மீன் வருகிறது. யார் லாரி, எந்த ராத்திரி வந்தது என்பது வியாபாரிக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். பாம்பனாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதுவது, ஒன்றும் எழுதாமல் விடுவதைவிடக் கெடுதல்.

டேக்கில் முகவரி அச்சாகியிருந்தால் அதற்கு அனுப்பலாம். படிக்க முடியவில்லை என்றால், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் அல்லது தூத்துக்குடி மையத்துக்குத் தெரிவிக்கலாம். மாநில மீன்வளத் துறை அலுவலகத்தில் சொன்னாலும் வழிகாட்டுவார்கள். இழை வெள்ளையாக இருந்தால் தலையை ஃபிரீசரில் வையுங்கள். இந்தியப் பெருங்கடல் சூரைத் திட்டத்தில், ஆக்ஸிடெட்ராசைக்ளின் மருந்து ஊசி போட்ட மீன்களுக்கு வெள்ளை டேக் குத்தினார்கள். மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல் வயதோடு வளையம் வளையமாக வளரும். அந்த மருந்து அதில் ஒரு வளையமாகப் படிந்து, புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிரும். அதற்கு வெளியே எத்தனை வளையம் வளர்ந்திருக்கிறது என்று எண்ணி, வளையக் கணக்கு வயதைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பார்கள்.

ஒன்று கவனம்: அளக்கிறேன், போட்டோ எடுக்கிறேன் என்று சூரையை ஐஸ் இல்லாமல் வெளியே போட்டுவைக்க வேண்டாம். அதன் சதையில் ஒவ்வாமை போன்ற உபாதை தரும் ஹிஸ்டமின் உண்டாகும். ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்கவைத்தாலும் போகாது.

கடலில் உயிரோடு இருக்கும் மீனுக்கு எப்படி டேக் குத்துகிறார்கள்? மீனுக்கு வலிக்காதா, செத்துப்போகாதா?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

சூரைக்குச் செய்வதைச் சொல்கிறோம், மற்ற மீன்களுக்கும் அடிப்படை அதுதான். வலையில் பிடித்தால் நசுங்கும் என்பதால் கம்புத் தூண்டிலில் பிடிப்பார்கள். தூண்டிலில் எதிர்முள் இருக்காது. கம்பைத் தூக்கியதும் மீன் தானாகக் கழன்றுவிடும். அது மரத்தளத்தில் விழக் கூடாது. ஈரமான வினைல் விரித்த தொட்டிலில் வாங்கிக்கொள்வார்கள். தொட்டிலின் அடியிலேயே சென்டிமீட்டர் அளவு போட்டிருக்கும். கண்ணை ஈரத்துணியால் மூடியதும் துள்ளல் அடங்கும்.

டேக் என்பது நீளமான பிளாஸ்டிக் இழை, அதன் முனையில் ஓர் எதிர்முள். உள்ளே குழாயாக இருக்கும் துருப்பிடிக்காத எஃகு ஊசிக்குள் அதைச் செருகியிருப்பார்கள். இப்படி நூறு ஊசிகள் எண் வரிசைப்படி கட்டையில் குத்தித் தயாராக இருக்கும். இரண்டாவது முதுகுத் துடுப்பின் அடியில், வால் பக்கத்திலிருந்து தலையை நோக்கிச் சுமார் 45 டிகிரி சாய்வில் ஊசியை இறக்கவேண்டும். துடுப்பைத் தாங்கும் முள்ளெலும்புகளுக்கு இடையே புகுந்து, எதிர்முள் அந்த எலும்பில் மாட்ட வேண்டும். ஊசியை உருவிவிட்டு இழையை லேசாகச் சுண்டிப் பார்ப்பார்கள். மாட்டியிருந்தால் அசையாது. வெறும் சதையில் நின்றிருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். அப்படிக் குத்திய டேக் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். ஒருவர் இனத்தையும் நீளத்தையும் குரல் கொடுக்க ரெக்கார்டர் பதிந்துகொள்ளும். பிறகு தலை முதலில் போகுமாறு கடலில் விடுவார்கள். கைதேர்ந்தவர் இதையெல்லாம் பத்துப் பதினைந்து விநாடியில் முடித்துவிடுவார்.

அவசரத்துக்குக் காரணம் சூரையின் உடம்பு. வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுளில் தண்ணீர் ஓடும், நின்றால் மூச்சில்லை. கூடுதல் நேரம் வைத்திருக்கவேண்டி வந்தால் வாய்க்குள் ஹோஸ் விட்டுக் கடல்நீர் பாய்ச்சவேண்டும்.

செவுளில் ரத்தம் வந்தால், கண்ணில் அடிபட்டிருந்தால், தளத்தில் விழுந்திருந்தால் டேக் குத்தக் கூடாது. ‘பாவம், பிழைத்துக்கொள்ளும்’ என்று குத்தி விட்டால் அது சாகும். கணக்கில் மட்டும் உயிரோடு இருக்கும். உலர்ந்த கையால் பிடிப்பதும் தப்பு. உடம்பின் மேலுள்ள வழுவழுப்புதான் மீனுக்குக் காப்பு. அது உரிந்த இடத்தில் கிருமி ஏறும்.

களவா, சங்கரா மாதிரி ஆழத்து மீன்களுக்கு வேறு தொல்லை உண்டு. வேகமாக மேலே இழுத்தால் காற்றுப்பை ஊதி, வயிறு வாய் வழியாகப் பிதுங்கி நிற்கும். பிதுங்கியிருப்பது காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறவர்கள் உண்டு, குத்துப்படுவது இரைப்பை. எடை கட்டிய கவ்வியில் மாட்டி ஆழத்துக்கு இறக்கி விட்டால் அழுத்தம் கூடிப் பை தானே சுருங்கும், மீன் நீந்திப் போய்விடும்.

வலியைப் பற்றிக் கேட்டீர்கள். குத்தும்போது மீன் துடிக்கத்தான் செய்கிறது. அதனால்தான் தேவைக்கு மேல் ஒரு மீனையும் குத்தக் கூடாது என்பதில் நாங்கள் கறாராக இருக்கிறோம்.

டேக் உதிர்ந்துபோகலாம், மீனவர் கண்டும் சொல்லாமல் விடலாம். அப்புறம் இந்தக் கணக்கை எப்படி நம்புவது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கே.கே. நகர்

கணக்குப் பார்த்துப் பழகியவரின் கேள்வி. டேக் குத்தி விட்டதில் எத்தனை திரும்புகிறது என்பதை வைத்துத்தான் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று கணிக்கிறார்கள். இரண்டு ஓட்டைகளையும் தனித்தனியாக அளக்கிறார்கள்.

உதிர்வதை அளக்க, ஒரு பகுதி மீன்களுக்கு இரண்டு பக்கமும் டேக் குத்துவார்கள். திரும்பி வந்தவற்றில் 40 மீன்களில் இரண்டும் இருக்கின்றன, 8 மீன்களில் ஒன்றுதான் மிச்சம் என்று வையுங்கள். ஒரு டேக் நிலைத்திருக்கும் வாய்ப்பு 80-ஐ 88-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 91 சதவீதம். ஆக, நூற்றுக்கு ஒன்பது உதிர்கிறது. இரண்டும் உதிர்ந்த மீன் நம் கண்ணில் படாது. ஆனால் அது நூற்றில் ஒன்றுகூட இல்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

சொல்லாமல் விடுவதை அளக்கும் வழி இன்னும் நேரடியானது. பிடிப்பைக் கண்காணிக்க மீன்பிடிக் கப்பலில் போகும் பார்வையாளர், யாருக்கும் தெரியாமல் சில செத்த மீன்களில் டேக் குத்தி மீன் கிடங்கில் போட்டுவிடுவார். துறைமுகத்தில் இறக்கும்போது அவற்றில் எத்தனை டேக் பதிவாகிறது என்று பார்த்தால், நூற்றுக்கு எத்தனை கைக்கு வருகிறது என்பது தெரிந்துவிடும்.

இந்தியப் பெருங்கடலில் 2005 முதல் 2009 வரை நடந்த பெரிய திட்டத்தில் 1,68,000-க்கும் மேற்பட்ட சூரைகளுக்கு டேக் குத்தினார்கள். பெரும்பகுதி தான்சானியாவை ஒட்டிய கடலில் விடப்பட்டவை. சிறிய திட்டங்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டும்; ஏறக்குறைய ஆறில் ஒன்று திரும்ப வந்தது. இவ்வளவு திரும்பியதற்குக் காரணம், சீஷெல்ஸ் துறைமுகத்தில் மீன் இறக்கும் தொழிலாளர்களுக்கு முறையாக அறிவித்து, வெகுமதியும் கொடுத்ததுதான். நம் பக்கத்துத் துறைமுகங்களிலும் டேக் படம் போட்ட தமிழ்ப் போஸ்டர் ஒன்றாவது ஏலக் கூடத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இந்தியாவில் இதெல்லாம் நடந்திருக்கிறதா?
– வாசகர், வாடிப்பட்டி

நடந்திருக்கிறது. 1960-களிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மேற்குக் கரையில் அயிலைக்கும் நெய்ச்சாளைக்கும் டேக் குத்தியது. பின்னாளில் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மஞ்சள் துடுப்புச் சூரைகளில் செயற்கைக்கோள் டேக் பொருத்தும் திட்டத்தை நடத்தியது. மீன் அல்லாத ஓர் உதாரணமும் சொல்ல ஆசை: ஒடிசாவில் 2021-ல் தகடு பொருத்திய ஒரு பங்குனி ஆமை, 2025-ல் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கடற்கரையில் முட்டையிட ஏறியது. கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் தனித்தனி ஆமைகளுக்கு என்று வைத்திருந்த எண்ணத்தை ஒரே ஒரு எண் அசைத்துவிட்டது.

போனில் இருக்கும் ஜி.பி.எஸ்ஸையே மீனில் கட்டிவிட்டால் முடிந்ததே?
– பிளஸ் 2 மாணவி, திருப்பரங்குன்றம்

ஜி.பி.எஸ். வேலை செய்வது ரேடியோ அலையில். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அந்த அலையை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். மூச்சுவிட மேலே வரும் ஆமைக்கும், துடுப்பை வெளியே நீட்டும் சில சுறாக்களுக்கும் அது உதவும். சூரைக்கு உதவாது.

அதனால் சூரியனைப் பிடித்துக்கொண்டார்கள். செயற்கைக்கோள் டேக்கில் உள்ள உணரி வெளிச்சத்தையும் ஆழத்தையும் வெப்பத்தையும் பதிந்துகொண்டே இருக்கும். விடியல் எப்போது, அஸ்தமனம் எப்போது என்று தெரிந்தால் இரண்டுக்கும் நடுவே உச்சிப்பொழுது. தீர்க்கரேகை ஒரு டிகிரி மாறினால் உச்சிப்பொழுது 4 நிமிடம் மாறும். மதுரை இருப்பது 78.1 டிகிரியில், போர்ட் பிளேர் 92.7-ல். அங்கே நமக்குச் சுமார் 58 நிமிடம் முன்னதாகவே சூரியன் உச்சிக்கு வந்துவிடும். ஆகவே கிழக்கு மேற்கு சுலபம்.

வடக்கு தெற்குதான் பாடுபடுத்தும். அதைப் பகலின் நீளத்திலிருந்து எடுக்க வேண்டும். நம் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஒரு மேகமூட்டம் போதும், இடம் எங்கேயோ தள்ளிப்போகும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டி எல்லா ஊரிலும் பகல் ஒரே நீளம் என்பதால் அட்சரேகையே கிடைக்காது. அப்போது டேக் பதிந்த நீரின் வெப்பத்தைச் செயற்கைக்கோள் எடுத்த கடல் வெப்ப வரைபடத்தோடு பொருத்திப் பார்த்து இடத்தைக் குறுக்குவார்கள்.

குறித்த நாள் வந்ததும் டேக்குக்குள் ஒரு சிறு மின்னோட்டம் பாயும். அதைப் பிடித்திருக்கும் உலோக ஊசி கடல்நீரில் அரித்து அறும். டேக் மிதந்து மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சுருக்கத் தகவல் அனுப்பும். சில நேரம் அதற்கு முன்பே விசித்திரமான பதிவு ஒன்று வரும்: நடுப்பகலில்கூட முழு இருட்டு, ஆழம் ஏறி இறங்குகிறது, வெப்பம் மட்டும் மாறவே இல்லை. டேக்கோடு சேர்த்து மீனை ஏதோ விழுங்கிவிட்டது என்று அர்த்தம். டேக் அதன் வயிற்றில் சவாரி செய்துகொண்டிருக்கிறது.

இந்த டேக் ஒன்றின் விலை சில லட்சம் ரூபாய். முழுப் பதிவும் அதன் உள்ளேதான் இருக்கும். தனுஷ்கோடி மணலில் ஆன்டெனா நீட்டிய கறுப்பு மைக் மாதிரி ஒரு பொருள் ஒதுங்கிக் கிடந்தால் உடைத்துப் பார்க்காமல் ஒப்படையுங்கள்.

எங்கள் ஊர்க் கண்மாயில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று மாணவர்களை வைத்து இதே முறையில் கணக்கிட முடியுமா?
– அறிவியல் ஆசிரியை, மேலூர் வட்டாரம்

அருமையாக முடியும், டேக் வாங்கவும் தேவையில்லை. டென்மார்க்கின் மீனியல் அறிஞர் பீட்டர்சன் 1890-களில் தட்டைமீன்களை வைத்துத் தொடங்கிய வழி இது. குத்தகைதாரரிடமும் ஊராட்சியிலும் முதலில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

விடிகாலையில், வெயில் ஏறுமுன், மீனைப் பிடித்து நிழலில் வைத்த தொட்டியில் ஏர் பம்ப் போட்டு வையுங்கள். கூர்மையான சிறு கத்தரியால் வயிற்றுப்பக்கத் துடுப்புகளில் இடது துடுப்பின் நுனியை மட்டும் நறுக்கி, அரை நிமிடத்துக்குள் தண்ணீரில் விடுங்கள். ஜிலேபிக் கெண்டையின் முதுகுமுள் கையைக் கிழிக்கும், ஈரத்துணியால் பிடிக்கவேண்டும். நறுக்கியது திரும்ப வளரும் என்பதால் மறுபிடிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். மீன் நன்றாகக் கலக்க இரண்டு மூன்று நாள் விட்டால் போதும்.

200 மீனை நறுக்கி விட்டீர்கள். மறுபடி பிடித்த 150-ல் 12 நறுக்கியவை என்றால், அதே விகிதம்தான் கண்மாய் முழுக்க என்று வைத்து, 200 பெருக்கல் 150 வகுத்தல் 12, அதாவது 2,500 மீன். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது இது சற்றே கூட்டிக் காட்டும். 201-ஐ 151-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் வரும் 2,334 நம்பகமானது. மறுபிடிப்பில் கிடைத்தவை மிகக் குறைந்தால் கணக்கையே விட்டுவிடுங்கள். மூன்று கிடைத்தால் 10,000, இரண்டு கிடைத்தால் 15,000 என்று ஒரே ஒரு மீன் விடையைத் தூக்கிப்போட்டுவிடும்.

இடையில் மடை திறந்தாலோ மறுகால் பாய்ந்தாலோ கணக்கு கெடும். இரண்டு முறையும் ஒரே கண்ணளவு வலையைப் போடாதீர்கள். அந்த வலைக்குச் சிக்கும் அளவுள்ள மீன்களை மட்டும்தான் எண்ணியிருப்பீர்கள். உங்கள் பகுதியில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழா மறுபிடிப்புக்கு நல்ல வாய்ப்பு: ஊத்தா, கச்சா, வலை என்று எல்லாக் கருவியும் ஒரே காலையில் இறங்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக நறுக்கி விட்டால் சரியாக இருக்கும். ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒவ்வொரு கரையிலும் இரண்டு மாணவர்களை நிறுத்தி, மேலே ஏறுகிற சாக்குப்பையில் நறுக்கிய மீன், நறுக்காத மீன் இரண்டையும் எண்ணச் சொல்லுங்கள். நறுக்கியதை மட்டும் தேடினால் 150 என்ற இரண்டாவது எண் கிடைக்காது.