ஹைட்டியப் புரட்சியும் வகுப்பில் நான் சொன்ன அரைப் பதிலும்

"ஹைட்டியின் விடுதலை பிரெஞ்சுப் புரட்சியின் எதிரொலிதானே, அதைத் தனியாகப் படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர் என்று எண்ணுகிறேன். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திய காலமெல்லாம் இதே கருத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்பதால், இந்தக் கேள்வியைக் கண்டும் காணாமல் போக முடியவில்லை.

1803-ஆம் ஆண்டு நெப்போலியன் வட அமெரிக்காவில் பிரான்சுக்கு இருந்த லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றதை ஒருநாள் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "ஸ்பெயினிடமிருந்து வாங்கி மூன்று வருஷம்கூட ஆகலையே சார், அதுக்குள்ள ஏன் வித்தார்?" என்றாள். "போருக்குப் பணம் தேவைப்பட்டது" என்று சொல்லி உட்காரவைத்தேன். பொய் இல்லை, ஆனால் பாதிப் பதில். லூசியானாவை விற்றவர் யார் என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கும் வினாத்தாள்கள், ஏன் விற்றார் என்று கேட்டதே இல்லை; அந்தத் துணிச்சலில் நானும் மேற்கொண்டு தேடவில்லை. மீதிப் பாதி ஹைட்டியில் இருக்கிறது என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தறிந்தேன்.

கரீபியக் கடலில் உள்ள ஹைட்டிக்கு அன்று பெயர் சான் டொமிங்கு. ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகளின் உழைப்பில் சர்க்கரையும் காப்பியும் விளைந்த, பிரான்சின் மிகச் செல்வமான குடியேற்றம். பிறப்பைவிட இறப்பு மிகுதியாக இருந்ததால் ஆண்டுதோறும் ஆப்பிரிக்காவிலிருந்து புதியவர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். 1789-இல் பாரிஸில் மனித உரிமைப் பிரகடனம் வெளியான பிறகும் இவர்களின் நிலை மாறவில்லை. அடிமை அல்லாத கலப்பினத்தவருக்கு மட்டும் உரிமை கேட்டுக் கிளர்ந்த வின்சென்ட் ஓஜேயையே 1791 பிப்ரவரியில் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வடக்குச் சமவெளியில் அடிமைகள் எழுந்து கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தினார்கள். பிரிட்டனும் ஸ்பெயினும் நெருக்கவே, குடியேற்றத்தைக் காக்கக் கறுப்பின வீரர்களின் துணை தேவைப்பட்ட பிரெஞ்சு ஆணையர் சோந்தோனா 1793-இல் வடக்கு மாகாணத்தில் அடிமை முறையை ஒழித்தார். பாரிஸ் அதை 1794 பிப்ரவரியில்தான் சட்டமாக்கியது. எதிரொலி எங்கிருந்து எழுந்தது என்று நீங்களே பாருங்கள்.

ஆனால் விடுதலைக் கோரிக்கை அப்போதும் தனிநாட்டுக் கோரிக்கையாக மாறவில்லை. கிளர்ந்தவர்களின் தலைவர் டூசான் லூவர்ச்சூர் பிரான்சின் குடையின்கீழ் இருக்கவே விரும்பினார். நெப்போலியன்தான் அதை மாற்றினார். அவர் அனுப்பிய பெரும்படை டூசானைச் சூழ்ச்சியால் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோக, அங்கே மலைக்கோட்டைச் சிறையில் 1803-இல் அவர் இறந்தார். இதற்கிடையே மற்றொரு பிரெஞ்சுத் தீவான குவாடலூப்பில் அடிமை முறை திரும்பிய செய்தி வந்துசேர்ந்ததும், அதுவரை பிரெஞ்சுப் படையோடு ஒத்துழைத்த கறுப்பினத் தளபதிகள் டெசலினும் கிறிஸ்தோபும் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் படையைத் தின்றது. அதன் தளபதி லெக்லேரும் அதில்தான் மாண்டார். சர்க்கரைத் தீவுக்குத் தானியமும் மரமும் அனுப்பும் பின்நிலமாகவே லூசியானா கருதப்பட்டது. தீவே கைநழுவும்போது பின்நிலம் எதற்கு? என் மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

1804 ஜனவரி 1 அன்று பிறந்த நாட்டைப் புனிதமாக்க நான் முயலவில்லை. அந்த ஆண்டே டெசலின் ஆணையில் நடந்த வெள்ளையர் படுகொலையையும், டூசானே விடுதலை பெற்றவர்களைக் கட்டாயப்படுத்தித் தோட்டங்களுக்குத் திருப்பி அனுப்பியதையும் யாரேனும் சுட்டிக்காட்டுவீர்கள், இரண்டும் உண்மை. எனினும், அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு 1816-இல் தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாருக்கு ஆயுதமும் ஆளும் கொடுத்தது ஹைட்டியின் அதிபர் பெத்தியோன் என்பதும் உண்மை. மறுபக்கத்தில், ஹைட்டி இழந்த சர்க்கரைச் சந்தையைக் கியூபா பிடித்துக்கொண்டு, அங்கே அடிமைகளைப் பெருக்கியது. அமெரிக்கா 1862 வரை ஹைட்டியை அங்கீகரிக்கவில்லை.

பிரான்சின் அங்கீகாரமோ விலைக்கு வந்தது. 1825-இல் போர்க்கப்பல்களை நிறுத்திவைத்து, தோட்ட முதலாளிகளின் இழப்புக்கு ஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. அந்த இழப்பில் விடுதலை பெற்ற மனிதர்களும் அடக்கம். பின்னர் 9 கோடியாகக் குறைந்த அந்தத் தொகையைக் கட்டப் பிரெஞ்சு வங்கிகளிடமே ஹைட்டி கடன் வாங்கியது. அதையொட்டி வளர்ந்த கடன்கள் முடிந்தது 1947-இல். அந்த ஆண்டை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், வேறொரு நாட்டுக்காக.