பழைய வீட்டை விற்கும் முன்பே புது வீடு வாங்கினால் வரிச் சலுகை கிடைக்குமா?

இந்தியாவில் கிடைக்கும். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசமே மூலதன ஆதாயம், அதாவது லாபம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று இன்னொரு வீடு வாங்குபவர் அந்த லாபத்தைக் கையில் வைத்துக்கொள்வதில்லை, அதனால்தான் விலக்கு. ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்தில் ஊற்றுவது போல. வெளியே நின்றதற்கு மட்டுமே வரி.

40 லட்சத்துக்கு வாங்கி 90 லட்சத்துக்கு விற்றால், செலவுகளைத் தள்ளி வைத்துப் பார்க்கையில், லாபம் 50 லட்சம். புது வீடு 45 லட்சம் என்றால் மீதி 5 லட்சத்துக்குத்தான் வரி.

விற்பதற்கு 1 ஆண்டு முன்போ, விற்ற 2 ஆண்டுக்குள்ளோ வாங்கலாம். கட்டுவதாக இருந்தால் 3 ஆண்டு. பலர் சறுக்குவது இங்கேதான்: வீடு இன்னும் அமையவில்லை, பணம் சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதிக்குள் அதை வங்கியில் 'மூலதன ஆதாயக் கணக்கு' தொடங்கிப் போட்டுவிடுங்கள். தவறினால் விலக்கு கைநழுவும். புது வீட்டை 3 ஆண்டுக்குள் விற்றாலும் சிக்கல்தான்.

விற்ற தொகை முழுவதையும் புது வீட்டில் போட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். லாபத்தைப் போட்டாலே போதும்.