திட்டப் பணியும் முனைவர் பட்டமும்

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். இவ்வாண்டு எம்.எஸ்சி. தாவரவியல் முடித்தேன். களர் நிலத்தைத் தாங்கும் பாரம்பரிய நெல் வகைகளின் வேர்ப்பகுதி நுண்ணுயிர்களைப் பற்றி எங்கள் பேராசிரியர் நடத்தும் இரண்டாண்டு ஆய்வுத் திட்டத்தில் திட்ட உதவியாளராகச் சேர என்னை அழைக்கிறார். "முதல்ல சேர்ந்துடும்மா, அப்புறம் அப்படியே பிஎச்.டி.க்குப் பதிவு பண்ணிக்கலாம்" என்கிறார். அப்பா பி.எட். படிக்கச் சொல்கிறார், அம்மாவுக்கு என் கல்யாணக் கவலை. நான் என்ன முடிவெடுப்பது?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் பேராசிரியர் நல்லெண்ணத்தோடுதான் அழைத்திருப்பார். ஆனால் அவர் சொன்னதில் 'அப்படியே' என்ற ஒரு சொல்லை மட்டும் நீங்கள் நிறுத்திப் பார்க்க வேண்டும். திட்டப் பணி என்பது ஊதியம் பெறும் வேலை. முனைவர் பட்டம் என்பது நுழைவுத் தேர்வோ நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணோ நேர்காணலோ கடந்து, பல்கலைக்கழகத்தில் தனியாகப் பதிவு செய்துகொள்ளும் படிப்பு. பதிவுக்கு முன் ஆய்வகத்தில் எத்தனை மாதம் உழைத்தாலும் அது பட்டத்துக்கான காலத்தில் சேராது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, பாடத்தேர்வுகள் உட்பட குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்னும் கணக்கு, நீங்கள் ஆய்வு மாணவியாகச் சேரும் நாளிலிருந்துதான் தொடங்கும்.

பணம் யார் பெயரில் வருகிறது என்பது அடுத்தது. திட்ட ஊதியம் திட்டத்தோடு முடிந்துவிடும். இரண்டாண்டுத் திட்டம் முடியும்போது நீங்கள் பதிவு செய்து ஓராண்டுதான் ஆகியிருந்தால், மீதி ஆண்டுகளை வீட்டுப் பணத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். மாறாக, நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) பெற்றால் அது உங்கள் பெயரில் வருவது. 2023 ஜனவரி முதல் அந்தத் தொகை முதல் இரண்டாண்டுக்கு மாதம் 37,000 ரூபாயாகவும், பிறகு முதுநிலை உதவித்தொகையாக 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டுள்ளது. நெறியாளர் மாறினாலும் திட்டம் முடிந்தாலும் உங்களைவிட்டுப் போகாத பணம் இது. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கும் நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023-இல் விதி திருத்தப்பட்டது. ஆகவே, எந்தப் பக்கம் போனாலும் நெட் உங்களுக்குத் தேவைப்படும். ஆய்வகத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் நெட் தேர்வுக்குப் படிக்க உங்களுக்கென்று நேரம் இருக்குமா என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

நெல் ஆராய்ச்சிக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு, அதை டெல்டாப் பெண்ணான உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சம்பா ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆடி, ஆவணியில் விதைத்துத் தையில் அறுக்கும் பயிரில் ஒரு பருவம் தவறினால் ஓர் ஆண்டு போயிற்று. இரண்டாண்டுத் திட்டம் என்றால் காகிதத்தில் இரண்டு சம்பா. நடைமுறையில் கருவி வாங்கவும் வேதிப்பொருள் வரவழைக்கவும் முதல் பருவம் கழிந்துவிட, கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றே. குழியடிச்சான், களர்பாலை போன்ற பாரம்பரிய நெல்லை உவர் நிலத்தில் நட்டு, ஐப்பசி, கார்த்திகை மழை வயலை மூழ்கடித்துவிட்டால் அந்த ஒன்றும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பகுதியை என்ன செய்தது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வயல்வெளிச் சோதனை வைத்திருந்த ஆய்வு மாணவர்களுக்கு அத்தகைய ஒரு நாள் என்பது ஒரு வருடம். எனவே ஆய்வேடு முழுவதையும் வயலை நம்பி வைக்காமல், தொட்டிச் சோதனையிலும் ஆய்வகத்திலும் ஆண்டு முழுக்கச் செய்யக்கூடிய பகுதி இருக்குமாறு தலைப்பை அமைக்க உங்கள் பேராசிரியர் சம்மதிப்பாரா என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

அவரைப் பற்றியும் சிலவற்றை விசாரியுங்கள். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாகப் பணிக்காலம் உள்ளவர் புதிய மாணவரை எடுக்கவே முடியாது. உங்களுக்கு இடம் இருக்கிறதா, எத்தனை ஆண்டு பணி மிச்சம் என்பதெல்லாம் துறை அலுவலகத்தில் தெரிந்துவிடும். அலுவலகத்தில் தெரியாதது, அந்த ஆய்வகத்திலிருந்து பட்டம் பெற்றுப் போனவர்களுக்கும் பெறாமலே போனவர்களுக்கும் தெரியும். இந்த இரண்டாம் வகையினரிடம் பேசத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை, நீங்கள் பேசுங்கள்.

என் கருத்து இதுதான்: திட்டப் பணியில் சேருங்கள், பட்டத்துக்கான முடிவை ஒரு சம்பாவுக்குத் தள்ளி வையுங்கள். தட்டில் வளர்த்த பாக்டீரியா மூன்றாம் முறையும் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகும் நாளில், எங்கே தவறு நடந்தது என்று தேடத் தோன்றுகிறதா, வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றுகிறதா என்பது உங்களுக்கே அந்த ஆண்டில் தெரிந்துவிடும். இரண்டாவதுதான் தோன்றுகிறது என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. ஊதியமும் பயிற்சியும் பெற்றுக்கொண்டு வெளியே வருவீர்கள்.

அப்பாவிடம், பி.எட். இரண்டாண்டுப் படிப்பு, அடுத்த ஆண்டும் சேரலாம் என்று சொல்லுங்கள். அம்மாவிடம் பேசுவது கடினம் என்பதை அறிவேன். பெண் ஆய்வாளர்களுக்கு விதிகள் கூடுதலாக இரண்டாண்டு தருகின்றன. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. கல்யாணம் நடந்தால் படிப்பு நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு இது ஓரளவு பதிலாகும். வரன் பார்க்க வருகிறவர்களிடம், படிப்புக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுமாறு அம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேராசிரியருக்குச் சரி என்று சொல்லும் முன் பணி ஆணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாத ஊதியம், திட்டம் முடியும் தேதி இரண்டும் அதில் இருக்க வேண்டும். தேதி மாசிக்கு முன்னால் இருந்தால், இரண்டாம் அறுவடையின் மாதிரிகளை ஆய்ந்து முடிக்க உங்களுக்கு நாள் போதாது. அதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.