ஓகரின் மனைவி

அன்புள்ள ஆசிரியருக்கு,
என் 12 வயது மகன் மாலை முழுவதும் கணினி விளையாட்டில் ஓகர்களை (ஐரோப்பியக் கதைகளில் மனிதரைத் தின்னும் பூதங்கள்) கொன்றுகொண்டிருக்கிறான். தடியும் தொப்பையும் மட்டுமே உள்ள மூளையில்லாத ஜந்து. இதைத் தடுக்க வேண்டுமா? ஓகர்கள் நம் அரக்கர்களுக்கு உறவா?
கே.

அன்புள்ள கே.,

தடுப்பதும் விடுவதும் உங்கள் வீட்டு விவகாரம். அரக்கர் உறவுமுறையை ஆராய வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

என்னைச் சீண்டியது அந்த ‘மூளையில்லாத ஜந்து’. யார் சொன்னார்கள் உங்களுக்கு? விளையாட்டு சொன்னது, நம்பிவிட்டீர்கள். 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டின் காலத்திலிருந்தே ஓகருக்கு இத்தனை பலம், இத்தனை உயிர் என்று எண் போட்டுவிட்டார்கள். வெட்டிச் சாய்க்க எண் போதும்.

1697இல் பிரான்ஸில் சார்ல் பெரோ வெளியிட்ட கதைகளில் ஓகருக்குக் குடும்பம் உண்டு. பஞ்சத்தில் விறகுவெட்டித் தம்பதி தங்கள் 7 பையன்களையும் காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த ஏழு பேருக்கும் கதவைத் திறந்தவள் ஓகரின் மனைவி. அழுகிறாள், கட்டிலுக்கடியில் ஒளித்துவைக்கிறாள், கண்டுபிடிக்கப்பட்டதும் ‘இறைச்சிதான் நிறைய இருக்கிறதே’ என்று மன்றாடி ஓர் இரவு வாங்கித்தருகிறாள். கடைக்குட்டி என்ன செய்தான்? ஓகரின் 7 மகள்கள் தலையிலிருந்த பொற்கிரீடங்களைத் தங்கள் தொப்பிகளோடு மாற்றிவிட்டான். ஓகர் இருட்டில் தடவிப் பார்த்துத் தன் மகள்களின் கழுத்தையே அறுத்தான். (அந்தப் பெண்களும் சாதுக்கள் அல்ல, குழந்தைகளைக் கடித்து ரத்தம் குடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.) காலையில் அதைப் பார்த்து மயங்கி விழுந்த அதே தாயிடம் பையன் திரும்பிவந்து, ‘உன் கணவன் திருடர்களிடம் சிக்கிக்கொண்டான், மீட்கப் பணம் கொடு’ என்று இருந்ததையெல்லாம் கறந்துகொண்டு போகிறான். அப்படி நடக்கவில்லை என்பாரும் உண்டு எனப் பெரோவே ஓர் ஒட்டுப்போடுகிறார். உறுத்தியிருக்க வேண்டும்!

என் மகளுக்கு இதைச் சொன்னபோது பையனின் சாமர்த்தியத்தை அவள் கவனிக்கவே இல்லை. “அந்த அம்மா அப்புறம் எங்கே போனாள்?” என்று கேட்டாள். பெரோவிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. விளையாட்டு செய்பவர்களுக்கு அந்த அம்மாவே தேவைப்படவில்லை.

உங்கள் மகனுக்கு இந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். மகள்கள் சாகும் இடத்தைப் பூசிமெழுக வேண்டாம். மாலை முழுவதும் கொல்கிறவன்தானே, தாங்குவான்.