முதல் மாட்யூல் எதை எடுக்கலாம்? புது கேம் மாஸ்டர்களுக்குக் கேள்வி பதில்

சேலத்துல டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டி ஆடற கதை விளையாட்டு) ஆட வர்றவங்க இருக்காங்க, கதையைச் சொல்லி நடத்தற கேம் மாஸ்டர்தான் இல்லை. புதுசா நடத்த நினைக்கிறவங்க, அச்சுல வந்த சாகசங்களை, அதாவது மாட்யூல்களைப் பத்தி எதுவானாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்றேன்.

ஃபேர்லாண்ட்ஸ், கல்லூரி மாணவர்: அக்கா, முதல் தடவை நடத்தப் போறேன். கதையை நானே எழுதவா, இல்ல மாட்யூல் வாங்கவா? வாங்கறதுன்னா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

வாங்குங்க தம்பி. ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்’. 2014-ல ஐந்தாம் பதிப்போட ஸ்டார்ட்டர் செட்ல வந்தது. 64 பக்கம், கேரக்டர்களோட பலம் லெவல் 1-ல இருந்து 5 வரைக்கும் போகும். பெட்டியில 32 பக்க விதிப் புத்தகம், தயார் கேரக்டர் 5, டைஸ் எல்லாம் இருக்கு.

பக்கம் கம்மிங்கறதுக்காக இதைச் சொல்லலை. முதல் அத்தியாயத்தைப் பாருங்க. வழியில ரெண்டு செத்த குதிரை, பதுங்கியிருக்கிற நாலு கோப்லின் (குள்ள அரக்கன்), தடம் பிடிச்சுப் போனா ஒரு குகை. குகைக்குத் தலைவன் கிளார்க். அவன் இடத்து மேல அவனோட கையாள் ஈமிக்குக்கு ஒரு கண்ணு. பிணைக்கைதியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, கிளார்க் தலையைக் கொண்டு வந்தா விடறேன்னு பேரம் பேசுவான். சண்டை போட்டாலும் கதை நகரும், பேரத்துக்குப் போனாலும் நகரும், ஈமிக்கை நம்பி ஏமாந்தாலும் நகரும். இப்படி எல்லாப் பக்கமும் வழி விட்டு எழுதறது, முதல் தடவை எழுதறவங்களுக்கு லேசுல வராது. நடத்திப் பார்த்தா கைக்குப் பழகிடும், அப்புறம் சொந்தமா எழுதுங்க.

பழைய பெட்டி கிடைக்கலைன்னா 2022-ல வந்த ‘டிராகன்ஸ் ஆஃப் ஸ்டார்ம்ரெக் ஐல்’ இருக்கு. லெவல் 3-லயே முடிஞ்சிடும். எனக்கு ஃபேண்டெல்வர்தான் பிடிக்கும், ஆனா அதுவும் மோசமில்லை.

அம்மாப்பேட்டை: அந்த முதல் கோப்லின் சண்டையிலேயே எங்க கூட்டம் மொத்தமும் காலிக்கா! அன்னிக்கோட ஆட்டம் நின்னு போச்சு.

உங்களுக்கு மட்டும் இல்லை, இது நிறைய மேசையில நடக்கறதுதான். கணக்கைப் பாருங்க: கோப்லினோட ஒரு அம்பு 1டி6+2, அதாவது ஆறு பக்க டைஸ் ஒண்ணை உருட்டி ரெண்டைக் கூட்டணும், 3-ல இருந்து 8 வரைக்கும் அடி. முதல் லெவல் மந்திரவாதிக்கு மொத்த ஹிட் பாயிண்டே (அடி தாங்கற அளவு) ஏழு எட்டுதான். நாலும் ஒளிஞ்சிருந்து ஒருத்தர் மேலயே விட்டா என்ன ஆகும்?

ஆனா ஆட்டம் நின்னிருக்க வேண்டியதில்லை. கோப்லின்கள் ஜெயிச்சா என்ன பண்ணும்னு புத்தகத்துலயே இருக்கு. கேரக்டர்களை மயக்கமா விட்டுட்டு, சாமானை மட்டும் கொள்ளையடிச்சுட்டுக் குகைக்குப் போயிடும். கண் முழிச்சு, ஊருக்குப் போய், தளவாடம் சேர்த்துக்கிட்டுத் திரும்பி வந்து தடம் பிடிக்கலாம். பழி தீர்க்க வர்ற கூட்டம் இன்னும் உற்சாகமா ஆடும். அடுத்த வாரம் அதே இடத்துல இருந்து ஆரம்பிங்க.

பின்னாடி இன்னொரு கண்டம் இருக்கு, இப்பவே சொல்லிடறேன். தண்டர்ட்ரீங்கற பாழூர்ல வெனம்ஃபாங்னு ஒரு பச்சை டிராகன். 136 ஹிட் பாயிண்ட், விஷ மூச்சு 12டி6, சராசரி 42. மூணாம் லெவல்ல அதை முழுசா வாங்கினா நிக்கறது கஷ்டம். அதே ஊர்ல ரெய்டோத்னு ஒரு ட்ரூயிட் (இயற்கை மந்திரம் தெரிஞ்சவர்) இருக்கார். டிராகனைப் பார்க்கறதுக்கு முன்னாடியே அவரைச் சந்திக்க வெச்சு, அவர் வாயால எச்சரிக்கை சொல்ல வைங்க. அப்புறமும் போனா அது அவங்க பாடு.

சூரமங்கலம், வங்கி ஊழியர்: ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ வாங்கிட்டேன் மேடம். எல்லாரும் அதுதான் பெஸ்ட்னாங்க. அதையே முதல்ல நடத்தலாமா?

அவங்க சொன்னது சரிதான் சார். 1983-ல ஹிக்மன் தம்பதி எழுதின ‘ரேவன்லாஃப்ட்’ 2016-ல பெருசா வளர்ந்து வந்த புத்தகம் அது. ஆனா முதல் புத்தகமா வேண்டாம். ஆரம்பத்துல ஒரு குறிகாரி சீட்டு எடுத்துச் சொல்லுவா. வில்லன் ஸ்ட்ராடை வீழ்த்தற ஆயுதம் எங்கே, துணை யாருன்னு அந்தச் சீட்டுதான் தீர்மானிக்கும். அதனால கதை நடக்கற பள்ளத்தாக்கு முழுசும் உங்க தலைக்குள்ள இருக்கணும். நேத்து ராத்திரி ஒரு அத்தியாயம் படிச்சிட்டு வந்து நடத்தற புத்தகம் இல்லை. ஸ்ட்ராடும் கோட்டையில உக்காந்து காத்திருக்கற வில்லன் இல்லை, நினைச்சப்போ வந்து நிப்பான். அவனை ஆட்டிவைக்க உங்களுக்குக் கொஞ்சம் அனுபவம் வேணும். அலமாரியில இருக்கட்டும் சார், ஒரு வருஷத்துல கெட்டுப் போகாது.

ஏற்காடு: கதை நடக்கற இடத்தை நம்ம மலைக்கு மாத்தினா தப்பா அக்கா?

தப்பே இல்லை, தாராளமா மாத்துங்க! ஃபேண்டெல்வர்ல வர்ற சாமான் வண்டி சேலத்துல இருந்து ஏற்காட்டுக்குப் போகுது, 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவு திரும்பினா செத்த குதிரை. ஆனா புத்தகத்துல அது காட்டுப் பாதை. இங்க கோப்லின் மேல் ரோட்டுல நின்னு கீழ அம்பு விட்டா, ஏற்கெனவே கஷ்டமான சண்டை இன்னும் கொடூரமாயிடும். ரெண்டை மேலயும் ரெண்டைப் பக்கத்துப் புதர்லயும் வைங்க, போதும்.

குகையைக் கிளியூர் பக்கம் வைங்க. அந்தக் குகையில இருந்து ஓடை வரணும், கோப்லின்கள் தேக்கி வெச்ச தண்ணியைத் திறந்து விடற பொறியே அதை நம்பித்தான் இருக்கு. சேர்வராயன் கோயில் குகையை மட்டும் தொடாதீங்க. ஜனங்க கும்பிடற இடத்துல கோப்லினைக் குடி வைக்கறது எனக்குச் சரியாப் படலை.

தலைப்புலயே வர்ற தொலைஞ்ச சுரங்கத்துக்கு நம்ம மேக்னசைட் வெட்டற வெள்ளைக்கல் கரடு இருக்கே, அதுக்கடியில யாருக்கும் தெரியாத பழைய சுரங்கம்னு வெச்சுக்கோங்க. ஒரே சிக்கல், அந்தச் சுரங்கத்துக்குள்ள அலையடிக்கற மாதிரி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், ‘வேவ் எக்கோ கேவ்’ங்கற பேரே அதுல இருந்து வந்ததுதான். சேலத்துல கடலுக்கு எங்க போறது? பூமிக்கடியில அருவின்னு மாத்திடுங்க.

சேலம் குகைப் பகுதி: நானும் என் தங்கச்சியும் ரெண்டே பேர்தான்.

2019-ல வந்த எசென்ஷியல்ஸ் கிட் வாங்குங்க. ஒருத்தர் நடத்த ஒருத்தர் ஆடறதுக்குன்னே அதுல துணைக் கேரக்டர் விதி இருக்கு. ‘டிராகன் ஆஃப் ஐஸ்ஸ்பயர் பீக்’ங்கற சாகசமும் சின்னச் சின்ன வேலைகளாத்தான் வரும், ஒரு சாயங்காலத்துக்கு ஒண்ணு.

ஆத்தூர், பிளஸ் டூ: காசு இல்லைக்கா.

வேண்டாம்பா. அடிப்படை விதிகள் இணையத்துல இலவசம். 2023 ஜனவரியில எஸ்.ஆர்.டி. 5.1-ங்கற விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ்லயே, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தற உரிமத்துல, விட்டுட்டாங்க. சாகசத்துக்கு ‘டூம்ப் ஆஃப் த சர்ப்பண்ட் கிங்ஸ்’ தேடுங்க, அதுவும் இலவசம். சொல்லிக்கொடுக்கறதுக்காகவே கட்டின நிலவறை. இந்த அறை ஆடறவங்களுக்கு என்ன கத்துக்கொடுக்குதுன்னு பக்கத்துலயே எழுதியிருப்பாங்க. விதிமுறை வேற மாதிரி, எண்களை நீங்கதான் பொருத்திக்கணும். டைஸ் போன்லயே உருட்டிக்கலாம்.

ஹஸ்தம்பட்டி: ஆடறவங்களுக்கு வாசிக்கச் சொல்லி மாட்யூல்ல கட்டம் போட்ட பத்தியை அப்படியே இங்கிலீஷ்ல வாசிச்சா எல்லாரும் போனை நோண்டறாங்க. இன்னொண்ணு, கதையை விட்டுட்டு வேற எங்கயோ ஓடறாங்க.

வாசிக்காதீங்கம்மா. முந்தின நாள் படிச்சு, கண்ணுக்குத் தெரியறது ஒண்ணு, காதுல விழறது ஒண்ணு, ஆபத்து ஒண்ணு, இவ்வளவு மட்டும் ஓரத்துல குறிச்சுக்கிட்டு, நீங்க பேசற தமிழ்லயே சொல்லுங்க. மொத்தப் புத்தகத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். கடைசி அத்தியாயத்தைப் புரட்டி வில்லன் யாரு, அவனுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கோங்க, நாளைக்கு நடத்தற அத்தியாயத்தை ரெண்டு தடவை படிங்க.

ஓடறதைப் பத்தி: வில்லனுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சா ஓடற இடத்துக்கே அவன் ஆளை அனுப்பலாம். ஃபேண்டெல்வர் கதையில வர்ற ஃபேண்டலின் ஊர்ல ரெட்பிராண்ட்னு ஒரு ரவுடிக் கும்பல் இருக்கே, அது எதுக்கு இருக்குங்கறீங்க? கூட்டம் சந்தையில கத்திரிக்காய் விலை கேட்டுக்கிட்டு நின்னா, அந்தக் கடைக்காரர்கிட்ட மாமூல் வாங்க ரெண்டு பேர் வரட்டும்.

நாலு ரோடு: ஒரு செஷன் எத்தனை மணி நேரம்? சாப்பிட என்ன வைக்கலாம்?

மூணு மணி நேரம். அதுக்கு மேல புது கேம் மாஸ்டருக்குத் தொண்டை போயிடும். தட்டுவடை செட்டை இடைவேளையில தனியா வைங்க, பீட்ரூட் கறை கேரக்டர் ஷீட்ல பட்டா போகாது.